கோஸ்தான் இல்லாத வண்டி

மாமாவின் மோட்டார் பின்பக்கத்தில் மூன்றடி பத்து அங்குலம். வாசல் கேட்டின் திறப்பு நாலரை அடி. நுழையும்போது இரண்டு பக்கமும் நான்கு நான்கு அங்குலம் மிஞ்சும். கேட்டைத் தாண்டினால் இடப்பக்கம் துணி துவைக்கும் மெஷினும் கேஸ் தோங்கும். வலப்பக்கம், முன்னால் இழுத்துக் கட்டிய அறையின் சுவர். இரண்டுக்கும் நடுவே ஐந்தடி இரண்டு அங்குலம். நானே டேப் பிடித்து அளந்தேன். வண்டி போக மீதமாகும் பதினாறு அங்குலமும் மாமாவுக்கு வலப்பக்கமாகவே வேண்டும். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது காலை ஊன்றி, ஊன்றுகோலை எடுத்து, உடம்பைத் திருப்பி இறங்குவதற்குத்தான் அந்தப் பதினாறு அங்குலம். ஆக, மெஷினில் உரசாமல், ஆனால் உரசிவிடும் தூரத்தில் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அதுவும் ஒரே தடவையில். ஏனென்றால் அந்த வண்டிக்குக் கோஸ்தான் கிடையாது.

வேறு ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோஸ்தான் என்றால் ரிவர்ஸ். கப்பலைப் பின்னால் செலுத்தச் சொல்லும் ஆங்கிலக் கட்டளை ஒன்று உண்டு, 'கோ அஸ்டர்ன்' என்று. துறைமுகத்தில் பிறந்த அந்தச் சொல் மலாய்க்காரர் வாயிலும் சீனர் வாயிலும் நம் வாயிலும் விழுந்து புரண்டு கோஸ்தான் ஆகிவிட்டது. கடலையே பார்க்காமல் நீலாய்க்கும் லாபுவுக்கும் நடுவே ரப்பர் காட்டில் வாழ்ந்த ஒரு தலைமுறை, லோரியைப் பின்னால் எடுக்கக் கப்பல்காரன் சொல்லைத்தான் சொன்னது. "கோஸ்தான் அடி, கோஸ்தான் அடி... போதும், போதும்!"

சனிக்கிழமை இரவுகளில் மாமா பசார் மாலாமில் அத்தை சுட்ட முறுக்கை விற்றுவிட்டு வருவார். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அத்தை கேட்டை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். யாரும் முன்னால் நிற்கக் கூடாது. ஒருமுறை நான் உதவுகிறேன் பேர்வழி என்று கை காட்டிக்கொண்டு நின்றேன். "டேய், நீ போ உள்ள. நீ காட்டுற எடத்துக்கு முன்சக்கரம் வரும், பின்சக்கரம் வருமா?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு சக்கர மோட்டாரில் உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும். மூன்று சக்கரம் சாயாது, காடி மாதிரி ஹேண்டிலைப் பிடித்து வளைக்க வேண்டும். வளைத்தால் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. உள்பக்கச் சக்கரம் தடத்தை வெட்டிக்கொண்டு குறுக்கே வரும். மாமா வீடு தெருவுக்கு இடப்பக்கம். நேராக வந்து இடது பக்கம் ஒடித்தால் முன்சக்கரம் அழகாகக் கேட்டுக்குள் போகும், இடது பின்சக்கரம் தூணில் மோதும். அதனால் அவர் முதலில் வலப்பக்கம் விலகி, எதிர்வீட்டு மைவியின் பம்பர் வரைக்கும் போய், வீட்டைத் தாண்டிவிட்டாரோ என்று நாம் நினைக்கும் நேரத்தில் ஹேண்டிலை ஒடிப்பார். லோங்காங் மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் ஏறும்போதே வண்டி நேராகியிருக்கும். அதற்குப் பிறகு திருத்தம் கிடையாது.

மந்தினில் ஒரு பட்டறையில் செய்த வண்டி அது. ஒரு பழைய ஹோண்டா கப்சாயின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நீளமான ஓர் அச்சில் இரண்டு சக்கரம் மாட்டியிருக்கிறார்கள். ஒரு சக்கரம் அச்சோடு இறுகியது, இன்ஜின் தள்ளுவது அதை மட்டும்தான். மற்றது சும்மா உருளும். இரண்டையும் இறுக்கினால் வண்டி வளைய மறுத்து நேராகவே போகும் என்று பட்டறைக்காரர் விளக்கினாராம். பிறகு அவர் கேட்ட கேள்வி: "ஒங்க வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" இடப்பக்கம் என்றதும் வலது சக்கரத்தை இறுக்கினார். வலது சக்கரம் தள்ளினால் வண்டியின் மூக்கு தானாக இடப்பக்கம் திரும்பும். மாமாவின் வீட்டு வாசலை மனதில் வைத்து யாராவது எதையாவது செய்தார்கள் என்றால், நான் அறிந்தவரை அது அந்தப் பட்டறைக்காரர் ஒருவர்தான்.

கப்சாயைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு காரணம் உண்டு. 1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியைக் கொண்டுவந்தபோது அதற்குக் கிளட்ச் பிடி வைக்கவில்லை. ஜப்பானில் சோபா நூடல்ஸ் கொண்டுபோகும் பையன்கள் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது சோய்சிரோ ஹோண்டாவின் கணக்கு. பினாங்கின் லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் முதன்முதலில் மோட்டார் வாங்கியவர்கள் பெரும்பாலும் வாங்கியது அந்தக் குடும்பத்து வண்டியைத்தான். நூடல்ஸ் பையனுக்காகச் சும்மா விட்ட இடது கையில் இன்று மாமா கியர் போடுகிறார். பட்டறைக்காரர் இடது காலுக்குரிய கியர் மிதியில் ஓர் இரும்புக் கம்பியைப் பற்றவைத்துக் கைக்கு எட்டும்படி உயர்த்தியிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் முன்னால் போகிற கியர்.

மாமா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவார். பிறகு மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் குலைகளை ஏற்றினார். டிரெய்லரோடு டிராக்டரைக் கோஸ்தான் அடிப்பது சாதாரண வித்தை இல்லை. டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை வலது பக்கம் வளைக்க வேண்டும். வளைத்த உடனே திருப்பி எடுக்காவிட்டால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிவிடும். மாமா அதை ஒரு கையால் செய்வார் என்று அம்மா சொல்வார். ஆனால் எனக்குப் பிடித்தது மாமா தானே சொன்ன இன்னொரு விஷயம். "கோஸ்தான் ஸ்டோர்ல மட்டுந்தான்டா. மத்தபடி தோட்டத்துல எங்க கோஸ்தான்? வாசல்லயே ஒரு வட்டம் போட்டுத் திரும்பிப் போயிடலாம்."

இதைக் கேட்ட பிறகுதான் தோட்டத்து வீடுகளைப் பற்றி நான் படித்ததை வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன்.

லயம் என்றால் நமக்கு நெரிசல்தான் ஞாபகம் வரும். அது உண்மைதான். கங்காணிகள் ஆள்கட்டி வந்த காலத்தில் போட்ட லயங்கள் மரத்தூண்களின் மேல் நிற்கும் நீண்ட கொட்டகைகள். பத்தடிக்குப் பத்தடி, கொஞ்சம் தாராளம் என்றால் பன்னிரண்டடி. ஓர் அறையில் ஒரு குடும்பம், சில சமயம் கல்யாணமாகாத ஆட்கள் நாலைந்து பேர். அடுத்த அறையில் இருமினால் இங்கே தூக்கம் கெடும். 1903-இல் கோலாலம்பூரையும் சிரம்பானையும் ரயில் இணைத்தது. அதற்குப் பிறகு வந்த ரப்பர் விலையேற்றத்தில் நீலாய், பத்தாங் பெனார், லாபு என்று தண்டவாளத்தின் இரு பக்கமும் காடு ரப்பராக மாறியது. ஆட்களை இறக்குவது எளிதானது. இறக்கிய ஆட்களுக்குக் கூரை வேண்டும். அந்தக் கூரையின் அளவைத் தீர்மானித்தது, பெரட்டுக் களத்துக்கு விடிகாலையில் வந்து நிற்க எத்தனை பேர் தேவை என்ற கணக்கு. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும்.

உள்ளே அவ்வளவுதான். வெளியே? லயத்து வாசல் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம். கோழி மேயும், மாடு கட்டலாம், கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம், பந்தலைச் சுற்றி டிராக்டர் வட்டமடிக்கலாம். இதை நான் பொற்காலமாக்கிப் பேசவில்லை. அந்த வெளியையும் துரை நினைத்தால் பறிக்க முடியும், பறித்தும் இருக்கிறார்கள். 1948-இல் அவசரகாலம் வந்ததும் தோட்டத்து லயங்களை ஒரே இடத்தில் நெருக்கி முள்கம்பி வேலி போட்டார்கள். ராத்திரியில் வெளியே நடக்க முடியாது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது லயமும் வாசலும் சேர்ந்தே போயின. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலின் நடுவில்தான். ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுத் தோட்டத்தையே வாங்கிவிடலாம் என்ற அந்த யோசனை எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. ஆனால் நீலாய்ப் பக்கம் மாமா வேலை செய்த தோட்டம் துண்டாடலில் தப்பித்துத் தொண்ணூறுகள் வரைக்கும் நின்றது.

அதே 1948-இல் பிரிட்டனில் நடந்த ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆண்டு ஜூலையில் அங்கே தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில்தான் போரில் கால் இழந்தவர்களுக்கும் நடக்க முடியாத மற்றவர்களுக்கும் அரசாங்கம் மூன்று சக்கர மோட்டார் வண்டியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இன்வாகார் என்று பெயர். பெர்ட் கிரீவ்ஸ் என்ற பொறியாளர், நடக்க முடியாத தன் உறவினர் ஒருவருக்காகச் செய்த வண்டியிலிருந்து வளர்ந்தது அது. ஓர் ஆள்தான் உட்காரலாம், வெளிர்நீல நிறம், 2003 வரைக்கும் ரோட்டில் ஓடியது. கோணலான வண்டி, காற்றடித்தால் ஆடும், தீப்பிடிக்கும் என்றெல்லாம் அதை ஓட்டியவர்கள் திட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். நம் தோட்டங்களின் லாபம் போய்ச் சேர்ந்த ஊர் அது. இங்கே வேலையில் கை கால் போன தொழிலாளிக்குச் சொக்சோ என்ற பாதுகாப்பு, 1969-இல் சட்டமாகி 1971-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். நான் வைத்துப் பார்த்தேன்.

பிரிட்டனிலிருந்தே இன்னொரு கதை, இது மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே ஐம்பதுகளில் ஒரு விதி இருந்தது. கோஸ்தான் இல்லாத மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்டலாம். பி.எம்.டபிள்யூ. இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டிக் காடிக்கு அங்கே மூன்று சக்கர ரகம் வந்தபோது, இந்த விதிக்காகவே கோஸ்தானை அடைத்து விற்றார்கள். இசெட்டாவுக்குக் கதவு ஒன்றுதான், அதுவும் முன்னால், ஐஸ்பெட்டி மாதிரி திறக்கும். யாரோ ஒருவர் அதைக் கராஜுக்குள் நேராக ஓட்டிச் சுவரில் முட்ட நிறுத்திவிட்டார். கதவு திறக்கவில்லை. பின்னால் போகவும் கியர் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாராம், யாராவது வந்து இழுக்கும் வரைக்கும். இது எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் பப் கதை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நான் சொன்னபோது மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "எனக்குக் கதவு இல்ல, அது ஒரு நல்லது," என்றார்.

மாமாவின் கால் வேலையில் போகவில்லை. இனிப்பு நீர். நம் ஆட்களில் எத்தனை வீட்டில் இந்தக் கதை என்று உங்களுக்கே தெரியும். கால் விரலில் சின்னக் கொப்புளம், செருப்பு கடித்தது என்று விட்டுவிட்டார். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. அப்போது அவர் தொழிற்சாலை ஒன்றில் காவலாளி. ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தவர், ஒருநாள் லைசென்ஸ் விவரம் கேட்டு வரச் சொன்னார். மலேசிய லைசென்ஸில் வண்டி வகைகளுக்கு எழுத்து உண்டு. மோட்டாருக்கு பி, காடிக்கு டி. அந்த வரிசையின் முதல் எழுத்தான 'ஏ' உடல் ஊனமுற்றோர் வண்டிக்கு உரியது. "பாத்தியா, நம்மதான் ஃபர்ஸ்ட்டு," என்றார் மாமா.

தோட்டம் கைமாறிய கதை நீலாய்க்காரர்களுக்குப் பழசு. சிப்பாங்கில் விமான நிலையம் 1998-இல் திறப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்து நிலத்தின் விலை ஏறத் தொடங்கிவிட்டது. கல்லூரி, தொழிற்பேட்டை, புதிய பண்டார், நெடுஞ்சாலை. லயத்தைக் காலி செய்தவர்களில் சிலருக்குப் பணம், சிலருக்கு வீடு வாங்க முன்பணம், சிலருக்கு ஒன்றுமில்லை. மாமா வாங்கியது 25,000 ரிங்கிட் தரைவீடு. எண்பதுகளிலிருந்து மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த உச்ச விலை அதுதான், 1998-இல்தான் 42,000 வரைக்கும் உயர்ந்தது. வீட்டுக்குள் லயத்தைவிட இடம் அதிகம். தனிக் கக்கூஸ், தனிக் குளியலறை, பெயரில் கிராண்ட். அத்தை அந்த கிராண்டை லேமினேட் செய்து சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வெளியேதான் ஒன்றுமில்லை. கேட், கேட்டுக்கு முன்னால் லோங்காங், லோங்காங்குக்கு முன்னால் ரோடு, ரோட்டில் அடுத்த வீட்டுக்காரர் காடி. பிள்ளைகள் வளர்ந்ததும் முன்னால் ஓர் அறை இழுக்க வேண்டியிருந்தது. தெருவில் எல்லாரும் இழுத்தார்கள்.

தரைவீடு கிடைத்ததே பெரிய விஷயம் என்று மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீலாயிலிருந்து கொஞ்ச தூரத்தில், முதல் உலகப்போரில் சண்டை போட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய பிராங் புசார் தோட்டம் இருந்தது. பெயரின் அர்த்தமே பெரும்போர். அந்தத் தோட்டத்தையும் சுற்றியிருந்த மற்றவற்றையும் எடுத்துத்தான் புத்ராஜெயா கட்டினார்கள். அங்கிருந்து கிளம்பிய தோட்டத்துக் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. தரைவீடு கேட்டு அவர்கள் பல வருடம் போராடியது செய்திகளில் வந்ததுதான். லயங்கள் இருந்த திசையில் இன்று ஓடும் புத்ராஜெயாவின் பிரதான சாலை நூறு மீட்டர் அகலம், நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். தேசிய தின அணிவகுப்பு நடக்கிற சாலை. மாமாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். என் காடியில்தான். கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர், "இங்க ஒரு வட்டம் போடலாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

2008-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடங்களைப் பற்றியும் பொதுப் போக்குவரத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் மாமாவுக்கு நாளின் முதல் தடை அவருடைய சொந்தக் கேட்தான்.

வண்டியை உள்ளே கொண்டுவரும் வித்தையைச் சொன்னேன். வெளியே எடுப்பதை இன்னும் சொல்லவில்லை. ஒற்றைக் காலால் தரையை உந்தி வண்டியைப் பின்னால் தள்ள முடியாது. அதற்கு மாமா கண்டுபிடித்த கோஸ்தான் எளிமையானது. மழைத்தண்ணீர் வழிய வேண்டும் என்பதற்காக வாசல் தரையை லோங்காங் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள். உள்ளே வரும்போது இன்ஜின் ஏற்றும், போகும்போது பிரேக்கை விட்டால் சரிவு இறக்கும். கட்டடக்காரர் தண்ணீருக்காக வைத்த சரிவு மாமாவைத் தனியாக வெளியே அனுப்பியது. கிளினிக், கோயில், பசார், எங்கே போகவும் அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எட்டு வருடம் அப்படி ஓடியது.

போன வருடம் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதுதான் வழக்கம். ஒவ்வொரு முறையும் ரோடு கொஞ்சம் வளரும், வீடு கொஞ்சம் குட்டையாகும். இந்த முறை ரோடு வாசலைவிட இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. தெருவில் எல்லாரும் மழைத்தண்ணீர் உள்ளே வருவதைப் பற்றிப் பேசினார்கள். மாமா மட்டும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவர் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை விட்டிருக்கிறார். வண்டி லோங்காங் பலகை வரைக்கும் போய் நின்றுவிட்டது. அத்தை வந்து இழுத்தார். அத்தைக்கு அறுபத்தேழு வயது, முட்டிவலி. அதற்கப்புறம் கேட்டில் ஒரு கயிறு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வந்து இழுத்துவிடுவான். பள்ளி விடுமுறையில் அவன் தூங்குவான். மாமா காத்திருப்பார். ஒரு மாதத்தில் கோயிலுக்குப் போவது குறைந்தது, அப்புறம் பசார். முறுக்கு விற்ற காசு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் காசு போட்டு வாசலை உடைத்து உயர்த்திவிடலாம் என்றேன். "அடுத்த தாருக்கு?" என்றார் மாமா. நான் பதில் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிறு போனபோது வாசலில் பலகைகள் கிடந்தன. தொழிற்பேட்டையில் சாமான் இறக்கிவிட்டுத் தூக்கிப்போடும் மரத்தட்டுகளைப் பிரித்து எடுத்தவை. தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். எண்பதைத் தொட்டவர், ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறார். இரண்டு பேரும் அன்று முழுக்க மூன்று தடம் செய்தார்கள், மூன்று சக்கரத்துக்கு மூன்று. ஒவ்வொன்றும் எட்டடி நீளம். வாசல் பக்கம் தரையோடு தரை, உள்முனையில் பத்து அங்குல உயரம். ரோட்டு விளிம்பில் ஒரு கை சிமெண்ட் பூசி மழுக்கினார்கள். மாமா இறங்கும் இடத்தில், தரை இப்போது எட்டாது என்பதால், நாலாவதாக ஒரு குட்டிப் பலகை. அதை மட்டும் கூட்டாளி இழைப்புளி போட்டு வழவழப்பாக்கினார்.

"முன்சக்கரத் தடத்த ரெண்டு இன்ச்சு லெஃப்டுல வைய்யி," என்றார் மாமா.

"நடுவுலதான்டா வைக்கணும்."

"நான் சாஞ்சு வருவேன். வைய்யி நீ."

வைத்தார். அன்று இரவு நான் அங்கேயே தங்கினேன். காலை ஆறு மணி இருக்கும், முதல் ரயில் போன சத்தத்துக்கு எழுந்து வந்தேன். மாமா ஏற்கெனவே வண்டியில் இருந்தார். கேட் திறந்திருந்தது, கயிறு சுருட்டிக் கேஸ் தோங்கின் மேல் கிடந்தது. அவர் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிரேக்கை விட்டார். பலகை முனகியது. வண்டி மெதுவாகப் பின்னால் போய், லோங்காங்கைக் கடந்து, ரோட்டு விளிம்பில் ஒரு கணம் தயங்கி, ஏறியது.

நடுரோட்டில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், முறுக்கு டின்ன வெச்சியா இல்லயா?"